ஆஞ்சியோ செய்தபின் பார்வை மங்கினால்...

அத்தாவுக்கு ஆஞ்சியோ, மாமாவுக்கு ஸ்டென்ட் என்பது இன்று நம் வீடுகளில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. 1929ல் ஜெர்மன் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியே தானே இதயத்துக்குக் குழாய் செலுத்திய நாளோடு ஒப்பிட்டால், இது இப்போது மிகவும் பாதுகாப்பான சிகிச்சை. எனினும் அரிதாகச் சிலருக்கு இது கண்ணைப் பாதிக்கிறது.

மணிக்கட்டிலோ தொடையிலோ நுழைக்கப்படும் மெல்லிய குழாய், பெருந்தமனியின் வளைவைக் கடந்துதான் இதயத்தை அடைகிறது. முதியவர்களுக்கும், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அந்தச் சுவரில் கொழுப்பு படிந்திருக்கலாம். குழாய் உரசி ஒரு துகள் பெயர்ந்தால் அது கழுத்துத் தமனி வழியாக மேலே ஏறும். மூளையை அடைத்தால் பக்கவாதம். விழித்திரைத் தமனியை அடைத்தால் அந்தக் கண்ணில் பார்வையிழப்பு. விழித்திரையில் மின்னும் இந்தக் கொழுப்புத் துகள்களை 1961ல் விவரித்தவர் அமெரிக்கக் கண் மருத்துவர் ஹோலன்ஹார்ஸ்ட்.

இதில் வலி இருக்காது என்பதுதான் ஆபத்து. கண் சிவக்காது, நீர் வடியாது. திடீரென ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் இருக்கும். மற்றக் கண் ஈடுகட்டுவதால் பெரியவர்கள் "மயக்க மருந்தின் அசதி" என்று படுத்துவிடுவார்கள். ஆகவே ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். குறை தெரிந்தால், சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீடு திரும்பிய பிறகு என்றால் கண்ணாடிக் கடைக்கல்ல, பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் கிடைக்காத விழித்திரை சில மணி நேரத்திலேயே நிரந்தரமாகக் கெட்டுவிடும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி கொழுப்புத் துகளைக் கரைக்காது. எனவே யாருக்கு எது பொருந்தும் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

இரு கண்களும் ஒருசேர இருண்டுபோவது வேறு வகை. படம் எடுக்கச் செலுத்தும் சாய மருந்து மூளையின் பார்வைப் பகுதியைத் தற்காலிகமாகப் பாதிப்பதால் இது வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் பார்வை திரும்பும். ஆனாலும் பக்கவாதம் இல்லை என்று ஸ்கேன் பார்த்து உறுதி செய்தாக வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு வெள்ளை விழியில் சிவப்புத் திட்டு தோன்றினால் வீடே பதறும். வலியோ மங்கலோ இல்லையென்றால் அது பெரும்பாலும் தானே மறையும். அதற்காக ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிக்குக் கண்ணுக்குள் கரும்புள்ளிகள் மிதந்தால் மட்டும் தாமதிக்காமல் விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.