பசளைத் தடைக்கு முன்னால் ஒரு வாக்கெடுப்பு

2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப் போவதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அறிவித்தார். மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடுறவங்க பசளைக்கு அலைஞ்சாங்க. தேயிலைக்கும் அதே கதிதான். நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் சுமார் 30 கோடி கிலோ, 2022இல் சுமார் 25 கோடி. பசளை இல்லாமப் போனது அதுக்கு ஒரு முக்கிய காரணம். கொழுந்து குறைஞ்சா அரைப்பேர் விழுறது நம்ம வீடுகளுக்குத்தான். நவம்பரில் தடையைத் தளர்த்தினாங்க. அதுக்குள்ள ஒரு போகம் போயிருச்சு.

ஒருத்தருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

1978 அரசியலமைப்பு பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது வழக்குப் போட முடியாதபடி செய்தது. 2015இல் 19ஆவது திருத்தம் ஒரு வாசலைத் திறந்தது: ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயலை எதிர்த்து, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மனு போடலாம். 2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

2020 ஒக்டோபர் 22ஆம் திகதி நிறைவேறிய 20ஆவது திருத்தம் அந்த வாசலை மூடவில்லை; ஆனால் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டியது. ஆதரவு 156 வாக்குகள். அதில் ஒன்று பதுளை மாவட்ட உறுப்பினர் அரவிந்த குமாருடையது. எதிர்க்கட்சிப் பட்டியலில் நின்னு, தோட்டத்து மக்களோட வாக்கில் போனவர். ஆறு மாசம் கழிச்சு பசளைத் தடை வந்தது.

2022 ஜூலை 14ஆம் திகதி கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். பதவி போனதும் கவசமும் போனது. 2023 நவம்பர் 14ஆம் திகதி, அவரும் மஹிந்த, பசில் உள்ளிட்டவர்களும் பொருளாதாரத்தை நடத்திய விதத்தால் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சிறை இல்ல, மக்களுக்கு நட்டஈடு இல்ல. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா ஒன்றரை லட்சம் ரூபாய் மட்டும்.

இவ்வளவுதானான்னு கோபம் வருது. ஆனாலும் "அது அரசாங்கக் கொள்கை, தப்பில்ல"ன்னு இனி யாரும் கை கழுவ முடியாது. பொதுமக்கள் நம்பி ஒப்படைச்ச அதிகாரத்துக்குக் கணக்குச் சொல்லணும்னு எழுத்தில் பதிவாகியிருக்கு.

ஆனா தீர்ப்பு வர்றது எல்லாம் முடிஞ்ச பிறகு. அதுக்கு முன்னால பொறுப்புக் கேட்கிற இடம் வாக்குச்சாவடி. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம்ம தாத்தா பாட்டிமாரின் வாக்கைப் பறிச்சது. பிரஜாவுரிமை இல்லாம மிஞ்சியிருந்தவங்களுக்கு 2003 சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பி வந்த வாக்கைக் கேட்டு லயத்துக்கு வர்றவர்கிட்ட கூரைத்தகரம், ரோடு எல்லாம் கேட்போம், அது நம்ம உரிமை. கூடவே இன்னொண்ணும் கேட்போம்: ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டுற திருத்தம் வந்தா, நீங்க எந்தப் பக்கம் வாக்களிப்பீங்க?