வேப்பேரியா, மாதவரமா?

நம் குடியிருப்பில் நாய் வளர்க்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. லிஃப்ட்டில் பார்க்கும்போது, "எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். வட சென்னையில் அதற்கு ரொம்ப நாளாக ஒரே பதில்தான்: "வேப்பேரிக்குப் போங்க."

அந்தப் பதிலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1903-ல் சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில், 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இரண்டே ஆண்டில் வேப்பேரிக்கு மாறியது. நாய், பூனைக்காக அன்று யாரும் கல்லூரி கட்டவில்லை. வண்டி மாடும் குதிரையும்தான் அந்தக் காலத்து லாரி. வெக்கை நோய் வந்தால் ஊர் ஊராக மாடுகள் செத்து விழும். (அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள்.) 1935-ல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது.

அதன் தலைமையிடம் மாதவரம் பால் பண்ணையில் இருக்கிறது. அங்கேயும் பல்கலைக்கழக மருத்துவமனை உண்டு. நம்மில் பலருக்கு இது தெரிவதில்லை. ராயபுரத்துக்காரர்களுக்கு வேப்பேரி பக்கம். திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து போகிறவர்களுக்கு மாதவரம்தான் கிட்டே. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் அந்த வித்தியாசம் புரியும்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு வாந்தி, ரத்தப் பேதி. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் மூன்று நாள் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வோ என்றார்கள். 1978 வாக்கில்தான் உலகம் கண்டுகொண்ட வைரஸ் அது. குட்டிகளைச் சில நாளில் சாய்த்துவிடும். "தடுப்பூசி எது போட்டீங்க?" என்றார் டாக்டர். புத்தகத்தில் தேதி மட்டும் இருந்தது. மருந்தின் ஸ்டிக்கர் இல்லை, கையெழுத்தும் இல்லை. குட்டி பிழைக்கவில்லை.

ஆகவே ஒரு கிளினிக்குக்குள் முதல்முறை போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். பதிவு எண் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கிறதா? தடுப்பூசியை ஃப்ரிட்ஜிலிருந்து உங்கள் கண்ணெதிரே எடுக்கிறார்களா? கரண்ட் போனால் என்ன செய்வார்கள்? இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர் பரவாயில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் அப்படி இருந்தால், காய்ச்சலுக்கும் ஊசிக்கும் அவரே போதும். எக்ஸ்ரே, ஆபரேஷன் என்றால் வேப்பேரியோ மாதவரமோதான் என் தேர்வு.

ரேபிஸ் ஊசிச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். மாநகராட்சி உரிமத்துக்கும் அது வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே கிளம்புங்கள். வாய்க்கட்டு, பழைய துண்டு, பழைய சீட்டுகள் எல்லாம் பையில் இருக்கட்டும். வரிசையில் உங்களுக்கு முன்னால் ஓர் ஆடு நின்றாலும் நிற்கும். நாயின் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.