1880: கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பணியின் ஓராண்டு

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1880-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமிழாசிரியர் பணி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் கைமாறியது. பூவாளூர் தியாகராச செட்டியார் உடல்நலக் குறைவால் விலகினார். அவர் இடத்திற்கு உ.வே. சாமிநாதையர் வந்தார். அதே ஆண்டு அக்டோபர் 21, வியாழக்கிழமை, அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் முதன்முறையாகச் சந்தித்தார். எட்டு மாத இடைவெளியில் நடந்த இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்தே சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, புறநானூறு முதலிய நூல்கள் அச்சேறும் வழியைத் திறந்தன. ஒரு கல்லூரியின் கல்வியாண்டு தமிழ் இலக்கிய வரலாற்றின் திருப்பமாக அமைந்ததற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

கல்லூரியும் தமிழும்

காவிரிக் கரையில் அமைந்த இக்கல்லூரி 1854-இல் அரசு மாகாணப் பள்ளியாகத் தொடங்கியது. 1867-இல் கல்லூரியாக உயர்ந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரும் தி. கோபாலராவும் இதன் வளர்ச்சிக்குக் காரணமானவர்கள். இருவர் பெயரும் இன்றும் கும்பகோணத்தில் வழங்குகின்றன. ஒருவர் பெயரில் நகர மண்டபமும், மற்றவர் பெயரில் நூலகமும் உள்ளன. 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று இக்கல்லூரி புகழ் பெற்றது.

இந்தப் புகழ் பெரும்பாலும் ஆங்கிலம், கணிதம் முதலிய பாடங்களால் வந்தது. 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளை மையமாகக் கொண்டே கல்லூரிகள் இயங்கின. பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழ், தேர்வுக்குரிய ஒரு மொழிப்பாடம் மட்டுமே. இன்று நாம் அறிந்த பொருளில் தமிழ்த்துறை என்று ஒன்று அப்போது இல்லை. 'தமிழ்ப் பண்டிதர்' என்ற ஒருவரைச் சுற்றியே தமிழ்க் கல்வி நடந்தது. அவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. மரபான முறையில் பாடம் கேட்டவராக இருந்தால் போதும். ஊதியமும் மதிப்பும் மற்றப் பேராசிரியர்களுக்கு உள்ளதைவிடக் குறைவு. என்ன பாடம் சொல்வது என்பதையும் பல்கலைக்கழகம் குறித்த பாடநூல்களே தீர்மானித்தன.

இந்த நிலையிலும் அப்பணிக்கு மாணவரிடையே மதிப்பைத் தேடித் தந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான அவர் கண்டிப்பும் அஞ்சாமையும் உடையவர் என்று பெயர் பெற்றவர். ஆங்கிலம் படித்த மாணவர் தமிழ் வகுப்பை இளக்காரமாக எண்ண இடம் கொடுக்காதவர்.

பணி கைமாறியது

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். 1871-இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்து, 1876 பிப்ரவரியில் ஆசிரியர் மறையும் வரை அவரோடு இருந்தார். பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டதோடு, மடத்து மாணவர்களுக்குப் பாடமும் சொல்லி வந்தார். செட்டியாருக்கு அவர் ஒருசாலை மாணாக்கர், வயதில் மிக இளையவர்.

விலக முடிவு செய்த செட்டியார் தமக்குப் பின் இவரே வரவேண்டும் என்று விரும்பினார். இதற்கு இரண்டு பேர் இசைய வேண்டியிருந்தது. ஒருவர் தேசிகர். மடத்தில் பாடம் சொல்லத் தகுதியுள்ள ஒருவரை வெளியே அனுப்புவது அவருக்கு எளிதாக இல்லை. இறுதியில் அவர் இசைந்து வாழ்த்தி அனுப்பினார். மற்றொருவர் கல்லூரியின் பொறுப்பில் இருந்த கோபாலராவ். செட்டியாரின் பரிந்துரையை அவர் மதித்தார். சாமிநாதையர் வகுப்பில் மாணவர் முன்னிலையில் பாடம் சொல்லிக் காட்டினார். கேட்டவர்களுக்கு நிறைவு ஏற்பட்டது. மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் வேலை உறுதியாயிற்று.

இருபத்தைந்து வயது நிறையும் காலத்தில் கிடைத்த இந்த வேலையால் அவருடைய வாழ்க்கை முறையே மாறியது. அதுவரை அவர் ஆதீனத்தின் ஆதரவில் வாழ்ந்தவர். இனி மாதந்தோறும் வரும் ஊதியமும், மணிக்கணக்குப்படி நடக்கும் வகுப்பும், குறித்த விடுமுறை நாட்களும் உண்டு. மடத்தோடு உறவும் அறுபடவில்லை. திருவாவடுதுறை கும்பகோணத்திலிருந்து சென்று வரக்கூடிய தொலைவில்தான் இருந்தது. மடத்தின் ஏட்டுச் சுவடிகளும் அங்குள்ள அறிஞர்களின் துணையும் அவருக்குத் தொடர்ந்து கிடைத்தன.

முன்சீபின் கேள்வி

அந்த ஆண்டின் பிற்பகுதியில் அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர் இராமசாமி முதலியார். ஆங்கிலக் கல்வியும் தமிழ் ஈடுபாடும் உடையவர். பிற்காலத்தில் அரசுப் பணியை விட்டு வழக்கறிஞராகச் சென்னையில் இருந்தார். 1885-இல் இந்தியாவின் சார்பில் இங்கிலாந்துக்குச் சென்ற மூவருள் ஒருவராகவும் இருந்தார்.

முதல் சந்திப்பில் முதலியார், புதிய தமிழாசிரியரிடம் யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். சாமிநாதையர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள், இலக்கண நூல்கள் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். அக்காலத்தில் இவ்வளவு நூல்களை முறையாகப் பாடம் கேட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் முதலியார் வியப்படையவில்லை. இவற்றைப் படித்ததால் மட்டும் என்ன பயன் என்ற பொருள்படப் பேசினார். இவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி, மணிமேகலை போன்றவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். சாமிநாதையர் அவற்றைப் படித்திருக்கவில்லை.

இக்கேள்வியின் பொருளை உணர அன்றைய தமிழ்க் கல்வியின் எல்லையை அறிய வேண்டும். சைவ மடங்களைச் சார்ந்து வளர்ந்த பாடமரபில் பிற்காலச் சிற்றிலக்கியங்களுக்கும் தலபுராணங்களுக்கும் முதன்மை இருந்தது. சமண, பௌத்த காப்பியங்கள் வழக்கொழிந்து போயிருந்தன. சங்க நூல்களில் முருக வழிபாட்டோடு இணைந்த திருமுருகாற்றுப்படை ஒன்றே பரவலாக ஓதப்பட்டது. அதை ஆறுமுக நாவலர் 1851-இல் அச்சிட்டிருந்தார். சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை ஹென்றி பவர் என்ற பாதிரியார் 1868-இல் பதிப்பித்திருந்தார். முழு நூலும் அச்சில் இல்லை. ஏட்டில் உள்ளதைப் பிழையற வாசித்துப் பொருள் சொல்பவர்களும் அரிதாகவே இருந்தனர். சாமிநாதையர் அந்நூல்களை அறியாதது அவர் ஒருவருடைய குறை அன்று. அவர் கற்ற பாடமரபு முழுவதிலும் அந்த இடைவெளி இருந்தது.

சிந்தாமணி வாசிப்பு

முதலியாரிடம் சிந்தாமணியின் காகிதப் பிரதி ஒன்று இருந்தது. அதைக் கொடுத்து, தமக்கு அந்நூலைப் பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். இவ்வாறு பாடம் சொல்பவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் முதன்முறையாகப் படிக்கும் விசித்திரமான வகுப்பு தொடங்கியது. கல்லூரியின் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இல்லை. கல்லூரிக்கு வெளியே, ஓய்வு நேரத்தில் நடந்தது.

திருத்தக்க தேவரின் சிந்தாமணி 3,145 பாடல்களும் 13 இலம்பகங்களும் கொண்ட சமணக் காப்பியம். நச்சினார்க்கினியர் உரையின் துணையோடு அதைப் படித்தபோது இரு தடைகள் எதிர்ப்பட்டன. முதலாவது, சமணக் கோட்பாடுகளும் வழக்குகளும் சைவச் சூழலில் பயின்ற ஒருவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது, நச்சினார்க்கினியர் தம் உரையில் எங்கிருந்து வந்தன என்று சொல்லாமலே பல பழைய நூல்களின் அடிகளை மேற்கோளாகக் காட்டியிருந்தார்.

முதல் தடையை நீக்கக் கும்பகோணத்திலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார் சாமிநாதையர். அவர்களுக்கு அது நாள்தோறும் பயிலும் சமய நூல். அவருக்குப் புதிராக இருந்த சொற்களுக்கு அவர்கள் எளிதாகப் பொருள் சொன்னார்கள். சைவர் ஒருவர் சமண நூலில் இவ்வளவு ஈடுபடலாமா என்று குறை கூறியவர்களும் இருந்தனர். இரண்டாவது தடையே பெரும் தேடலுக்கு வழி காட்டியது. மேற்கோள்களின் மூலத்தைத் தேடியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவருக்கு அறிமுகமாயின. அவற்றின் ஏடுகளில் சில, அவர் பல ஆண்டுகள் வாழ்ந்த திருவாவடுதுறை மடத்திலேயே இருந்தன. கேள்வி எழும் வரை அவற்றைத் தேடிப் பார்க்கும் தேவை எவருக்கும் தோன்றவில்லை.

கல்லூரிப் பணி தந்தவை

இந்நிகழ்வைத் தனிமனித முயற்சியாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால் அம்முயற்சி நிலைத்ததற்குக் கல்லூரிப் பணி தந்த வசதிகளும் காரணம்.

முதலாவது நிலையான வருவாய். ஏடு தேடுவதற்கும் படியெடுப்பதற்கும் அச்சிடுவதற்கும் ஆகும் செலவுக்கு 50 ரூபாய் போதாது. முன்பணம் செலுத்துவோரின் கையொப்பங்களைத் திரட்டியும், புரவலர் உதவியைப் பெற்றும், கடன் பட்டும் அவர் பதிப்பித்தார். எனினும் குடும்பம் நடத்த ஒரு வருவாய் இருந்ததாலேயே இந்த முயற்சியில் அவரால் துணிந்து இறங்க முடிந்தது.

இரண்டாவது விடுமுறை. ஏடு தேடி ஊர் ஊராகச் செல்வதும், சென்னைக்குப் போய் அச்சுப் படிகளைத் திருத்துவதும் பெரும்பாலும் கல்லூரி விடுமுறைகளில் நடந்தன.

மூன்றாவது மனிதத் தொடர்பு. கல்லூரியில் படித்த மாணவர்கள் பின்னர் வழக்கறிஞர்களாகவும் அலுவலர்களாகவும் பல ஊர்களில் இருந்தனர். ஓர் ஊரில் ஏடு இருப்பதை அறிவிக்கவும், உரியவரிடம் பேசி வாங்கித் தரவும் இத்தகைய அறிமுகங்கள் உதவின. மடத்தின் ஆதரவோடு கல்லூரி ஆசிரியர் என்ற தகுதியும் சேர்ந்தபோது மூடிய பல வீட்டுப் பெட்டிகள் திறந்தன.

விளைவு

1880-இல் தொடங்கிய வாசிப்பு 1887-இல் சீவக சிந்தாமணி முழுப் பதிப்பாக வெளிவந்தது. அதே ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். தொடர்ந்து சாமிநாதையரின் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), புறப்பொருள் வெண்பாமாலை (1895), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903) ஆகிய பதிப்புகள் வந்தன. இவை அனைத்தும் அவர் கும்பகோணம் கல்லூரிப் பணியில் இருந்த ஆண்டுகளுக்கு உட்பட்டவை. 1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, 1919 வரை அங்கே பணியாற்றினார்.

தமக்குப் பின் இப்பணிக்குத் தக்கவரைத் தேர்ந்த தியாகராச செட்டியார் 1888-இல் மறைந்தார். சிந்தாமணிப் பதிப்பு அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. கேள்வி கேட்ட இராமசாமி முதலியார் 1892-இல் மறைந்தார்.

அன்றைய கல்லூரி ஆண்டறிக்கை ஒன்றைக் கற்பனை செய்தால், 1880-க்குரிய பக்கத்தில் தமிழாசிரியர் மாற்றம் ஒரு வரியில் முடிந்திருக்கும். அக்டோபர் 21 சந்திப்புக்கு அதில் இடமே இருந்திருக்காது. தேர்வு முடிவுகளும் மாணவர் எண்ணிக்கையும் ஒரு துறையின் ஓராண்டை ஓரளவுக்கே காட்டும். செட்டியார் செய்த தேர்வும், தேசிகர் தந்த இசைவும், தமக்குத் தெரியாத நூலைத் தெரியாது என்று ஏற்றுக்கொண்டு மீண்டும் மாணவரான ஓர் ஆசிரியரின் முடிவும் கல்லூரிக் கணக்கில் ஏறுபவை அல்ல. பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் இன்று அச்சில் படிப்பவர்களுக்கு அந்த ஆண்டு விட்டுச்சென்ற பயன் அவற்றிலிருந்தே வந்தது.