கொழுந்துக் கணக்கும் பணயப் பூட்டும்: ரேன்சம்வேரின் வளர்ச்சியும் கேமரன் மலைத் தோட்ட அலுவலகமும்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வெட்டிய கொழுந்து காத்திருக்காது. சாக்கில் அடைத்தபடியே கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றன்றே எடை போட்டு, ஆலைக்கு ஏற்றி, வாட்டும் தொட்டிகளில் பரப்பியாக வேண்டும். ஜே. ஏ. ரசல் 1929இல் போ (BOH) தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த விதி மாறவில்லை. மாறியது கணக்கு எழுதும் இடம்தான். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் பேர் கொடுத்தவர் யார், எத்தனை கிலோ வெட்டினார், எந்தப் பகுதிக்கு எப்போது உரம் போட்டார்கள் என்பதெல்லாம் முன்பு தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் மையால் ஏறின. இன்று தோட்டத் தொழிலில் சம்பளக் கணக்கு, இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதிச் சந்தா, வெளிநாட்டுத் தொழிலாளரின் கடப்பிதழ் விவரம் எனப் பெரும்பகுதி கணினிக்குப் போய்விட்டது.

கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் தீநிரலையே ரேன்சம்வேர் என்கிறோம். முப்பத்தைந்து ஆண்டுகளில் அதன் பூட்டு வலுத்தது, பணம் வாங்கும் வழி எளிதானது. ஆனால், பறிகொடுத்தவரின் அவசரத்தையே ஆயுதமாக்கக் கற்றுக்கொண்டதுதான் அதன் பெரிய வளர்ச்சி என்பது என் கருத்து. அவசரத்திலேயே நடக்கும் தேயிலைத் தொழிலில் இருப்பவர்கள் இதை அக்கறையோடு படிக்க வேண்டிய காரணம் அதுவே.

1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் அஞ்சலில் பல நாடுகளுக்குப் போயின. வட்டைப் போட்ட கணினி சுமார் 90 முறை இயங்கும்வரை ஒன்றும் நடக்காது. அதன் பிறகு கோப்புப் பெயர்கள் குழம்பிப்போகும். பனாமாவில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பும்படி திரையில் செய்தி வரும். செய்தவர் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியலாளர் எனக் கண்டுபிடித்துக் கைது செய்தார்கள். மனநிலை காரணமாக அவர்மீது விசாரணை நடக்கவில்லை. ஆனால் அவருடைய நிரலில் ஒரு குறை இருந்தது: பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அந்தச் சாவியும் வட்டுக்குள்ளேயே இருந்தது. நிரலைப் பிரித்துப் பார்த்த ஜிம் பேட்ஸ் மீட்பு நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

இந்தக் குறை எப்படித் தீரும் என்பதை 1996இல் ஆடம் யங், மோட்டி யங் என்ற இரு ஆய்வாளர்கள் எச்சரிக்கையாகவே எழுதினார்கள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவை யார் வேண்டுமானாலும் சாத்தலாம், திறக்கச் சாவி வைத்திருப்பவரால்தான் முடியும். பொதுச்சாவி மறையாக்கம் அப்படிப்பட்டது. பூட்டும் சாவி மட்டும் தீநிரலோடு வரும். திறக்கும் சாவி குற்றவாளியிடமே இருக்கும். பாதிக்கப்பட்ட கணினியை எவ்வளவு துருவினாலும் அது அகப்படாது. 2005 வாக்கில் வந்த ஜிபிகோட் என்ற தீநிரல் இந்த முறையைத் தட்டுத்தடுமாறிக் கையாண்டது; 2008இல் அதன் சாவி 1024 பிட்டுக்கு வளர்ந்தது. இன்றைய தீநிரல்கள் கோப்புகளை வேகமான சாவி ஒன்றால் பூட்டி, அந்தச் சாவியைப் பொதுச்சாவியால் பூட்டிவிடுகின்றன. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய படிகளையும் முதலிலேயே அழித்துவிடுகின்றன.

ஆளைக் காட்டிக்கொடுக்காமல் பணம் வாங்கும் சிக்கலைப் பிட்காயின் தீர்த்து வைத்தது. 2013 செப்டம்பரில் வந்த கிரிப்டோலாக்கர் மின்னஞ்சல் இணைப்பாக நுழைந்து, சுமார் 300 டாலர் கேட்டு, 72 மணி நேரக் கெடு வைத்தது. அந்தக் கெடுவைக் காட்டித் திரையில் ஓடும் கடிகாரம் ஒரு திருப்பம். யோசிக்கவும், நாலு பேரைக் கேட்கவும் இடம் கொடுக்காமல் பணத்தைக் கறப்பதே அதன் நோக்கம்.

2017 மே 12 அன்று கிளம்பிய வன்னாகிரை யாரும் எதையும் சொடுக்காமலேயே பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு நின்றுபோன எக்ஸ்பியால்தான் எல்லாம் நடந்தது என்று அப்போது பரவலாகப் பேசியது சரியல்ல. திருத்தம் கையில் இருந்தும் போடாமல் விட்ட இரண்டு மாதங்களே இழப்புக்குக் காரணம். “மலைமேல் இருக்கும் சின்ன ஆபீஸை யார் தேடி வரப் போகிறார்கள்” என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இப்படிப் பரவும் தீநிரல் ஆளைத் தேடி வருவதில்லை, திறந்திருக்கும் கணினியைத் தேடுகிறது.

2019 இறுதியில் மேஸ் என்ற கும்பல், பூட்டுவதற்கு முன் கோப்புகளைத் திருடி, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டத் தொடங்கியது. பேக்கப் வைத்திருந்தால் போதும் என்ற நிலை அத்தோடு போயிற்று. அடுத்து உணவு, வேளாண் தொழில்களும் அவற்றின் பருவமும் குறியாயின. 2021இல் தாக்கப்பட்ட ஜேபிஎஸ் இறைச்சி நிறுவனம் 1.1 கோடி டாலர் பணயம் கொடுத்தது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் கூட்டுறவு நிறுவனங்கள் தாக்கப்படலாம் என்று 2022 ஏப்ரலில் எஃப்பிஐ எச்சரித்தது.

மலேசியாவுக்கு இது புதிதல்ல. 2018 நவம்பரில் மீடியா பிரிமா நிறுவனத்திடம் 1,000 பிட்காயின் கேட்டதாகச் செய்தி வந்தது. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலையங்களின் கணினிகளைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். தர மறுத்துவிட்டதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஆனாலும் தோட்டத்துக்காரர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது இன்னொரு தேயிலை நாட்டின் அனுபவம். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் அதில் இருந்தன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடங்கும். பேக்கப் இல்லாமல் இல்லை. அதுவும் அதே இணைப்பில் இருந்ததால் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. அமைப்பை விரைவில் எழுப்பிவிட்டார்கள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. பழைய மென்பொருளை மாற்றும் திட்டம் 2021 முதலே நிதியில்லாமல் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

அதே தவறு ஒரு தோட்ட அலுவலகத்தில் நடப்பதற்கு, எந்நேரமும் கணினியிலேயே செருகிக் கிடக்கும் வெளிவன்தட்டு ஒன்று போதும். பழைய செக்ரோல் புத்தகம் எந்தக் கம்பியோடும் சேராமல் அலமாரியில் இருந்தது. தொலைவிலிருந்து அதை யாராலும் பூட்டியிருக்க முடியாது. கணினிக்கு மாறியபோது நாம் தெரியாமல் விட்டுக்கொடுத்த பாதுகாப்பு அது. ஆகவே இரண்டு வன்தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, படி எடுத்ததும் கழற்றி, ஒன்றை வேறு கட்டடத்தில் வைப்பது அவசியம். சம்பளம் போட்ட மறுநாளே அந்த மாதக் கணக்கின் படியைக் கழற்றி வைத்துவிடலாம். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் அதைத் திறந்து, ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டையாவது அச்சிட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் பார்வைக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கச் சொல்கிறது. கணக்கு தொலைந்தால் நாளை கூலி பாக்கி கேட்டு நிற்பவரிடம் காட்டச் சான்று இருக்காது. அந்த இழப்பு அலுவலகத்தோடு நிற்காமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் போய்ச் சேரும்.

நுழைவழிகளில் நான் முதலில் சொல்வது, சம்பள மென்பொருளைப் பழுதுபார்க்க வெளியாள் தொலைவிலிருந்து நுழையும் வசதி. வேலை முடிந்ததும் அதை அடைத்துவிட வேண்டும்; கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். திருட்டு மென்பொருள் கூடவே கூடாது. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையுள்ள கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. திருத்தங்களை வந்த வாரமே போடுவது நல்லது. ஊரைவிட்டுப் போன தொழிலாளரின் கடப்பிதழ்ப் படங்களைக் காலவரையின்றிச் சேர்த்து வைப்பது, மேஸ் போன்ற கும்பலுக்கு நாமே சரக்கு சேர்த்துக் கொடுப்பதாகும்.

2024 ஆகஸ்ட் 26 அன்று நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் உயிர்நாடியான 11 துறைகளில் வேளாண்மையையும் தோட்டத் தொழிலையும் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் குறிக்கப்பட்ட நிறுவனம், தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். எல்லாத் தோட்டமும் அப்படிக் குறிக்கப்படுவதில்லை. ஆனால் 2025 ஜூன் முதல், தனிநபர் விவரம் கசிந்து பெரிய பாதிப்பு நேரக்கூடுமானால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்கும் கடமையும் உண்டு. கிரிப்டோலாக்கர் வைத்த கெடுவும் அதே 72 மணி நேரம்தான். ஆனால் சட்டம் வைக்கும் கெடு தொழிலாளியின் பக்கம் நிற்கிறது.

பூட்டிவிட்டது என்று திரை சொன்னால், முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கி, வைஃபையை அணைக்க வேண்டும். கணினியை அழித்து நிறுவ அவசரப்படக் கூடாது. செய்தியைப் படம் எடுத்து, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்குச் சொல்லலாம். யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் 2016இல் பிற நிறுவனங்களோடு தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவச மீட்பு நிரல் உண்டு. அன்றைய கொழுந்துக்கு எடைத் தராசும் ஒரு நோட்டும் போதும். எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்; கணினி நின்றால் யார் நோட்டை எடுப்பது, எங்கே எழுதுவது என்பதை இப்போதே முடிவு செய்து எடைக்கூடச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும்.