இணையவழி போக்கர்: ஆட்ட உத்திகளின் வரலாறு

போக்கர் என்பது 52 சீட்டுகள் கொண்ட கட்டை வைத்துப் பந்தயம் கட்டி ஆடப்படும் சீட்டாட்டம் ஆகும். ரம்மியில் சீட்டுகளைச் சேர்த்து முதலில் முடிப்பவர் வெல்வார். போக்கரில் அப்படியில்லை, மோசமான சீட்டு வைத்திருப்பவரும் எதிராளிகளைப் பின்வாங்கச் செய்துவிட்டால் மேசையிலுள்ள பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒன்றும் இல்லாமலேயே துணிந்து பந்தயம் கட்டுவது ‘பிளஃப்’ எனப்படுகிறது. இன்று பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைச்சீட்டுகள் வழங்கப்படும். அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசையில் திறக்கப்படும். 1998 இல் பிளானட் போக்கர் என்ற தளம் பணத்துக்கு ஆடும் இணைய ஆட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் இந்த ஆட்டத்தின் உத்திகள் அடியோடு மாறின.

கோட்பாட்டின் தொடக்கம்

பிளஃப் செய்வது துணிச்சலையும் நடிப்பையும் பொறுத்தது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதைக் கணக்காக மாற்றியவர் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன். 1928 இல் ஆட்டக் கோட்பாட்டுக்கு அடிப்படையான கட்டுரையை வெளியிட்ட அவர், 1944 இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய நூலில் போக்கரின் எளிய வடிவம் ஒன்றை ஆராய்ந்தார். மிக நல்ல சீட்டுக்கும் மிக மோசமான சீட்டுக்கும் பந்தயம் கட்ட வேண்டும், நடுத்தரமான சீட்டுக்குக் கட்டக் கூடாது என்பது அவர் கண்ட முடிவு.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மேசையில் 100 டாலர் உள்ளது. கடைசிச் சுற்றில் ஒருவர் மேலும் 100 டாலர் கட்டுகிறார். எதிராளி 100 டாலர் போட்டால் 200 டாலரை வெல்ல வாய்ப்புண்டு. எனவே, கட்டியவர் மூன்றில் ஒரு முறை பிளஃப் செய்தால், எதிராளி ஏற்றாலும் விட்டாலும் பலன் ஒன்றுதான். அதைவிடக் குறைவாகப் பிளஃப் செய்தால் எதிராளி எப்போதும் விலகிவிடலாம். கூடுதலாகச் செய்தால் எப்போதும் ஏற்றுக்கொள்ளலாம். இந்தக் கணக்கை ஆட்டக்காரர்கள் அன்றாடம் பயன்படுத்தத் தொடங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சீட்டைக் கலைப்பதில் வந்த சிக்கல்

இணைய ஆட்டத்தின் முதல் கேள்வி உத்தி பற்றியதன்று. சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறதா என்பதே. ஏ.எஸ்.எஃப் மென்பொருள் நிறுவனம் ஆட்டக்காரர்களின் நம்பிக்கையைப் பெறுவதற்காகத் தன் கலைப்பு நிரலை வெளிப்படையாகவே வெளியிட்டது. 1999 இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் அதைப் படித்துப் பார்த்தனர். 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. ஆனால் அந்த நிரல், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிநொடிகளைத் தொடக்க எண்ணாகக் கொண்டது. ஒரு நாளில் 8 கோடியே 64 இலட்சம் மில்லிநொடிகளே உள்ளன. ஆகவே அவ்வளவு அடுக்குகள் மட்டுமே வர முடியும். தளத்தின் கடிகாரத்தோடு தம் கணினியின் கடிகாரத்தைப் பொருத்தியபோது அது ஏறத்தாழ 2 இலட்சமாகச் சுருங்கியது. தம் இரு சீட்டுகளையும் மேசையில் திறந்த முதல் மூன்று சீட்டுகளையும் உள்ளிட்டால், எல்லோர் கையிலும் உள்ளதைக் கணினி சொல்லிவிட்டது. பூட்டு உறுதியானது என்று காட்ட அதன் சாவியையே மாட்டி வைத்த கதைதான். குறை பின்னர் சரிசெய்யப்பட்டது.

முகம் தெரியாத மேசை

நேரடி ஆட்டத்தில் கை நடுக்கமும் கண் அசைவும் எதிராளியைக் காட்டிக்கொடுக்கும். இணையத்தில் அவை இல்லை. முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் கட்டும் தொகையும் மட்டுமே தடயங்கள். மாறாக, வேகம் கூடியது. சூதாட்ட விடுதியில் மணிக்குச் சுமார் 30 சுற்றுகள் ஆடியவர், திரையில் பல மேசைகளைத் திறந்து நூற்றுக்கணக்கில் ஆடினார். ஒவ்வொரு சுற்றும் கோப்பாகப் பதிவானது. அக்கோப்புகளைத் தொகுத்து, ஓர் எதிராளி நூற்றுக்கு எத்தனை முறை ஆட்டத்தில் இறங்குகிறார், எத்தனை முறை பந்தயத்தை உயர்த்துகிறார் என்று காட்டும் மென்பொருள்கள் வந்தன. குணத்தைக் கணிப்பது புள்ளிவிவரம் ஆயிற்று.

2003 இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிச் சுற்றின் வழியாக உலகத் தொடருக்குச் சென்று, 838 பேரை விஞ்சி 25 இலட்சம் டாலர் வென்றார். 2006 இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தனர். புதியவர்கள் பெருகியதால், நல்ல சீட்டுக்காகக் காத்திருந்து துணிந்து கட்டும் எளிய உத்தியே அக்காலத்தில் போதுமானதாக இருந்தது. 2006 இல் அமெரிக்கா பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று பெரிய தளங்கள் மீது குற்றச்சாட்டுப் பதிவானது. எளிதில் தோற்பவர்கள் குறைந்தனர். மிஞ்சியவர்கள் படித்து ஆட வேண்டியதாயிற்று.

கணினியே ஆசிரியர்

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2007 இல் ஒரு புதிய படிமுறையை வெளியிட்டனர். அதில் கணினி தனக்குத்தானே ஆடி, ‘வேறு விதமாக ஆடியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்’ என்று ஒவ்வொரு முடிவுக்கும் கணக்கிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இம்முறையை மேம்படுத்தி உருவாக்கிய செஃபியஸ் நிரல், 4,800 செயலிகளில் 68 நாட்கள் ஓடி, இருவர் ஆடும் வரம்புப் பந்தய ஹோல்டெமுக்கு நடைமுறையில் முழுத் தீர்வு கண்டதாக 2015 இல் அறிவிக்கப்பட்டது. வரம்பற்ற பந்தயம் இதைவிடக் கடினமானது. 2017 சனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ், பிட்ஸ்பர்க்கில் 20 நாட்கள், 1,20,000 சுற்றுகள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. பகலில் அவர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை அது இரவில் அடைத்துக்கொண்டது. 2019 இல் வந்த புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. அனுபவசாலிகள் தவறென்று ஒதுக்கிய சில பந்தய முறைகளை அது தயங்காமல் பயன்படுத்தியது. இன்று இத்தகைய நிரல்களை வைத்துப் பயில்வது வழக்கம். ஆட்டத்தின் நடுவே உதவி பெறுவதைத் தளங்கள் தடை செய்துள்ளன.

திறமையும் இழப்பும்

இவ்வளவு கணக்கு உள்ள ஆட்டத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆயினும், திறமை உண்டு என்பதும் ஆடுபவருக்கு இலாபம் உண்டு என்பதும் ஒன்றல்ல. மேசைப் பணத்தில் ஒரு பங்கைத் தளம் கழித்துக்கொள்கிறது. ஆகவே ஆட்டக்காரர்கள் அனைவரின் கணக்கையும் கூட்டினால் விடை எப்போதும் நட்டமே. சிறந்த ஆட்டக்காரரும் பல்லாயிரம் சுற்றுகள் தொடர்ந்து தோற்கக்கூடும் என்பதால், கையிருப்பில் சிறு பங்கை மட்டுமே மேசைக்குக் கொண்டுவருவது தொழில்முறையினரின் முதல் விதியாக உள்ளது.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றது. 2022 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அப்பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.