நிலக்கரி வழக்கு

கரியாஹாட் சந்தைக்குச் செல்லும் நாம், சந்தை மாநில அரசின் பொறுப்பென்றும், அருகிலுள்ள பாலிகஞ்சு இரயில் நிலையம் மத்திய அரசின் பொறுப்பென்றும் எளிதில் அறிவோம். மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியோ அவ்வளவு எளிதில் பிரிபடவில்லை.

நிலக்கரி நிலங்களைக் கையகப்படுத்த 1957-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மாநில அரசின் உடைமையான நிலங்களும் அதற்கு உட்பட்டன. நாமும் இறைமையுடைய அரசன்றோ என்று மேற்கு வங்கம் உச்ச நீதிமன்றத்தில் நேரே வழக்குத் தொடுத்தது. 1962 டிசம்பரில் அறுவருள் ஐவர், இந்திய மாநிலங்களுக்கு அத்தகைய இறைமை இல்லையெனத் தள்ளிவிட்டனர். சுப்பா ராவ் ஒருவரே மாறுபட்டார். அவர் பக்கமே நம் மனம் சாய்கிறது. சட்டமாக நின்றதோ ஐவர் சொல்.

நிலத்தின் வழக்கு முடிந்தது. வரியின் வழக்கு முடியவில்லை. அதில் நம் தாயகமும் சேர்ந்துகொண்டது. கனிம ராயல்டியைக் கணக்கிட்டுத் தமிழ்நாடு விதித்த மேல்வரி செல்லாதென 1989-இல் எழுவர் தீர்த்தனர். வங்கம் நிலக்கரிமீது விதித்த மேல்வரி செல்லுமென 2004-இல் ஐவருள் நால்வர் தீர்த்தனர். இம்முரண்பாடு ஒன்பது நீதிபதிகளின் முன் சென்றது. ராயல்டி வரியன்று, கனிம உரிமைகள்மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கே உண்டு என 2024 ஜூலை 25 அன்று எண்மர் கூறினர். தமிழ்நாடு தோற்ற 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அன்று வீழ்ந்தது. அவ்வரிக்கு வரம்பு கட்டும் உரிமை மட்டும் பாராளுமன்றத்திடம் உள்ளது.