குமரகுருபரரும் நாவின் தடையும்

ஆண்டிமடத்தினின்று தெற்கே செயங்கொண்டமும் கங்கைகொண்டசோழபுரமும் கடந்து, அணைக்கரையிற் கொள்ளிடத்தைத் தாண்டிச் செல்வோர் திருப்பனந்தாளை அடைவர். அங்குள்ள காசித் திருமடத்திற்கு மூலமுதல்வர் குமரகுருபர சுவாமிகள். அடியார் தங்கிய மடத்தாற் பெயர்பெற்றது போலும் இவ்வூரில் திருக்குட நீராட்டு நிகழும் இந்நாளில், அப்பெரியார் வரலாற்றின் ஒரு பகுதியைச் சிந்தித்தல் பொருத்தமுடைத்து.

17ஆம் நூற்றாண்டில், பொருநைக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்திற் சண்முகசிகாமணிக் கவிராயர்க்கும் சிவகாமசுந்தரி அம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார் சுவாமிகள். சொல்லே செல்வமாகிய கவிராயர் குடியிற் பிறந்தும், ஐந்தாண்டுவரை அக்குழந்தை வாய் திறந்திலது. பெற்றோர் திருச்செந்தூர் சென்று பாடுகிடந்தனர். செந்திலாண்டவன் அருளால் ஊமை நீங்கி, அக்குழந்தை கந்தர் கலிவெண்பாவைப் பாடிற்று என்பது வரலாறு. நாத்திக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் இன்றும் செந்தூர்க்கு அழைத்துச் செல்கின்றனர். சீகாழியை அடுத்த திருக்கோலக்காவில், சம்பந்தரின் பொற்றாளத்திற்கு ஓசை கொடுத்த நாயகியின் திருமுன்னும் கொண்டுவந்து நிறுத்துகின்றனர்.

இவ்வளவில் நூலை மூடிவிடுவோரே பலர். பிள்ளையின் திக்கு நீங்காதாயின், வேண்டுதல் பழுதென்றும் முன்வினையென்றும் உற்றார் கூறுவர். திக்குதலினும் அச்சொல்லே பிள்ளைக்குப் பெருஞ்சுமை. அன்னோர் வரலாற்றின் பிற்பகுதியையும் படித்தல் வேண்டும்.

ஞானாசிரியரை நாடிய குமரகுருபரர்க்கு, எவர் திருமுன்னர் அவர்தம் வாக்குத் தடைப்படுமோ அவரே குரு என்று அடையாளம் உணர்த்தப்பெற்றது. மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றிப் புகழ்பெற்ற நாவலர், பின்னர்த் தருமபுரம் அடைந்தார். ஆங்கு நான்காம் பட்டத்தில் எழுந்தருளியிருந்த மாசிலாமணி தேசிகர், பெரியபுராணத்திற் சுந்தரர் தில்லைக் கூத்தனைக் கண்ட நிலையை உரைக்கும் செய்யுளைச் சுட்டி, அதன் அநுபவப் பொருளை வினவினார். சொற்பொருள் எளிது, அநுபவம் சொல்லில் அடங்குமோ? பாவலர் நா எழவில்லை. அவர் அடியற்ற மரம்போல் வீழ்ந்து வணங்கினார்.

எந்தத் தடைக்காகப் பெற்றோர் கண்ணீர் உகுத்தனரோ, அதுவே இங்குக் குருவைக் காட்டும் குறியாயிற்று. வாக்கை அருளிய முருகனே அது நிற்கும் இடத்தையும் குறித்தருளினான் என்று கொள்வது சைவ மரபு. நாத்திக்கினை மோனம் என்று கூறி மழுப்புதல் தகாது. மோனி பேச வேண்டாதவர், திக்குவோர் பேச விழைபவர். ஆயினும், நாவின் ஓட்டத்தைக் கொண்டு ஆன்மாவின் தகுதியை அளத்தல் ஆகாது என்பது தருமபுர நிகழ்ச்சியால் தெளிவாகின்றது. பேச்சுப் பயிற்சி அளிப்போரிடம் பிள்ளையை அழைத்துச் செல்வதற்கும் இறைவனை வேண்டுவதற்கும் முரண் இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. பேசுங்கால் திக்குவோருட் பெரும்பாலோர் பாடுங்கால் திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஓதும்போதும் தடை பெரிதும் தணிகின்றது. இதனை இக்கால அறிவியலும் உடன்படுகின்றது. ஓதுவாரைப் பின்பற்றி அடியார் கூட்டம் தேவாரம் பாடுங்கால், அவ்வரிசையில் திக்கும் பிள்ளையும் ஒருவனாய் நிற்கலாம். அவன் குரலை எவரும் பிரித்தறியார். மேலைநாட்டிலும் இதற்கு ஒத்த செய்தி உண்டு. இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள சாங்க்ட் காலன் மடத்துத் துறவியும் 912இல் மறைந்தவருமான நோட்கர், தம்மைத் திக்குவாயர் என்று தாமே எழுதினார். அவர் இயற்றிய துதிப்பாடல்களைப் பிறர் தடையின்றிப் பாடினர்.

குமரகுருபரர் குருவின் ஆணைவழிக் காசிக்குச் சென்றார். அங்கு மொழி அறியாமையால் மீண்டும் பேச வழியற்றவராயினார். கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார். பேச்சு கைகூடியது, கேதார கட்டத்தில் மடமும் அமைந்தது. தம் வாக்கை நிறுத்திய மாசிலாமணி தேசிகர்மீது அவர் பாடியது பண்டார மும்மணிக்கோவை.